நிற்கிற காரில் பேட்டரி ஏன் போகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் 2015-ல் வாங்கிய பெட்ரோல் வேகன் ஆர் இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. விற்க மனம் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது எடுப்பான். மற்றபடி பக்கத்து வீட்டுத் தம்பி வாரம் ஒருமுறை வந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் போவார். அப்படியிருந்தும் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவது போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதுவும் இப்போது சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்கிறது. புதுசு போடுங்கள் என்கிறார்கள் கடையில். போட்டுவிடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, ஒரு வாரம் பொறுங்கள். இப்போதே புதுசு போட்டால் நான்காவதையும் இதே வழியில்தான் அனுப்பி வைப்பீர்கள். முப்பத்துநான்கு வருடமாக ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். ஓடி ஓடித் தேய்ந்த பேட்டரியை விட, நின்று நின்று பட்டினி கிடந்த பேட்டரியைத்தான் அதிகம் கழற்றியிருக்கிறேன்.

பூட்டி நிறுத்திய காரும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். கடிகாரம், சென்ட்ரல் லாக், பாட்டு செட்டின் மெமரி, இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 25 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கணக்குதான். ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர்-அவர். ஆனால் இந்தச் சின்னக் கணக்கே ஒரு வாரத்தில் 4.2 ஆம்பியர்-அவர் ஆகிறது, ஒரு மாதத்தில் 18. உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியாக இருக்கும். அதில் பாதி ஒரே மாதத்தில் காலி.

அந்தத் தம்பி நல்ல மனதோடு செய்கிறார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐடிலிங்கில் ஐந்து நிமிடம் ஓடினால் பேட்டரிக்குத் திரும்பி வருவது ஒரு ஆம்பியர்-அவர் தேறினால் பெரிது. அதிலும் செல்ஃப் அடித்த கணக்கைக் கழிக்க வேண்டும். வாரா வாரம் கடன் ஏறிக்கொண்டே போகிறது. சார்ஜ் குறைந்தே கிடக்கும் பேட்டரியின் தகட்டில் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப்போகும், அப்புறம் என்ன செய்தாலும் அந்த இடம் வேலை செய்யாது. நம் ஊர் வெயிலில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சரி, உங்கள் பேட்டரி செத்துவிட்டதா, பசியில் கிடக்கிறதா என்று பார்ப்போம். முதலில் பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலே செல்ஃப் எடுக்காது. பேட்டரியைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, மாட்டி இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கிளாம்ப் கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. இரண்டாவது, ராத்திரியில் உள் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். விளக்கு அப்படியே பளிச்சென்று நின்று செல்ஃப் மட்டும் மௌனமாக இருந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும், பேட்டரி மேல் பழி போடக் கூடாது. ‘டக் டக்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் வகையாகத்தான் தோன்றுகிறது.

அடுத்து, சார்ஜ் ஏற்றாமல் எந்தப் பேட்டரிக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடையில் கொடுத்து 3 அல்லது 3.5 ஆம்பியரில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றிய பேட்டரியை காரில் மாட்டாமல் வீட்டில் ஒரு ஓரமாக இரண்டு நாள் வையுங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் ஒட்டிக் காட்ட வேண்டும். 12.5 என்றாலும் பயமில்லை, பேட்டரி உயிரோடு இருக்கிறது. 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் தகடு போய்விட்டது. 10.5 காட்டினால் கேள்வியே இல்லை. உள்ளே இருக்கும் ஆறு செல்லும் ஆளுக்கு 2.1 வோல்ட் தர வேண்டும், அதில் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம்.

தேறிய பேட்டரியை காரில் மாட்டி செல்ஃப் அடிக்கும்போது மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். அந்த இரண்டு மூன்று வினாடியில் 9.6-க்குக் கீழே போனால் அதற்கு இனி சுமை தாங்காது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் நாலைந்து நாளில் இறங்குகிறது என்றால் காருக்குள் திருடன் இருக்கிறான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் என்னிடம் வந்தார். எல்லாவற்றையும் அணைத்து, பூட்டி, மைனஸ் கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரை மாட்டி, கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்காக அரை மணி நேரம் காத்திருந்தேன். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 280 காட்டியது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பாட்டு செட்டின் ஃப்யூஸை எடுத்ததும் 18-க்கு விழுந்தது. வெளியே ஆம்ப்ளிஃபயர் மாட்டியவர் அதன் ஒயரை எப்போதும் கரண்ட் வரும் இடத்தில் கொடுத்துவிட்டிருந்தார். 280 என்றால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஐந்தே நாளில் குடித்துவிடும். அதுவரை மூன்று பேட்டரி வாங்கியிருந்தார் அந்த மனிதர். இப்போதும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்தச் சோதனை நடக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். உங்கள் காரில் பிறகு மாட்டிய கேமரா, ஜிபிஎஸ், அலாரம் ஏதாவது இருந்தால் அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்தும் பேட்டரிதான் போய்விட்டது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். முதலில் இப்போது இருக்கிற பேட்டரியின் வாரண்டி கார்டைத் தேடுங்கள், ஒன்றரை வருடம்தானே ஆகிறது. புதுசு வாங்கினால் பழைய பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையே கேளுங்கள். 38B20L என்றால் அந்தக் கடைசி எழுத்து முக்கியம். L-க்குப் பதில் R வந்தால் டெர்மினல் பக்கம் மாறி கேபிள் எட்டாது. தயாரித்து மூன்று மாதத்துக்கு மேல் கடையிலேயே கிடந்ததை வாங்காதீர்கள். அங்கேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். கார்டில் தேதியோடு சீல் வாங்குங்கள். பழையதை அங்கேயே கொடுத்து விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈயமும் ஆசிடும் இருப்பதால் பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மட்டும் அந்தத் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். பதினேழு வயதில் நான் பிளஸ்ஸில் கை வைத்தேன், 10-ம் நம்பர் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டது. வெல்டிங் போலப் பொறி பறந்தது. ஸ்பேனரின் ஓரத்தில் மிளகளவு உருகிய பள்ளம். அந்த ஸ்பேனரை இன்னும் வைத்திருக்கிறேன், வேலைக்கு வரும் புதுப் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன். வளையல், மோதிரம், காப்பு எல்லாம் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும்.

இனி அந்த ஐந்து நிமிட வேலை வேண்டாம். வாரம் ஒருமுறை தம்பியை ஓட்டச் சொல்லி நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டி போய் வந்தால் 25 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், பேட்டரிக்கும் நல்லது, டயருக்கும் நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், ரிமோட்டும் வேலை செய்யாது, சாவியால் திறக்க வேண்டும். மகன் வருவதற்கு முந்தின வாரம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி மாட்டி வையுங்கள். அவர் வந்து சாவியைத் திருப்பியதும் அப்பா கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகட்டும்.

கேள்வி: பேட்டரிக்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அது தகட்டைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் சார்ஜ் ஏற்றிய பிறகு, குறியிட்ட மட்டம் வரை. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், சார்ஜுக்கு முன்பே அது மூழ்கும் அளவு ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூடியே திறக்காத ரகம் என்றால் அதை நோண்ட வேண்டாம்.