பூவிலேயே எடுத்த குத்தகை: ஹொக்கி முகாமையாளர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பழைய பொது முகாமையாளர் சாம் பொலக் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணை, என் மகனுக்குப் பதினாறு வயது. ஸ்கேட்டிங் தெரியும், ஆனால் பெரிய அணிகளில் சேர்க்கிற அளவுக்கு இல்லை. "நான் ஜி.எம். (பொது முகாமையாளர்) ஆகப் போகிறேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அது என்ன வேலை? விளையாடாதவர்கள் அந்த இடத்துக்குப் போக முடியுமா?
(ஒரு தாய், ஸ்காபுரோ)

முடியும் தங்கச்சி. இன்று இரவு யாரை இறக்குவது என்பது பயிற்றுநரின் கவலை. மூன்று வருடம் கழித்து அணியில் யார் இருப்பார்கள் என்பது பொது முகாமையாளரின் கவலை. யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பயிற்றுநரை வைத்திருப்பதா அனுப்புவதா, எல்லாம் அவர் கையில். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில், ஓர் அணியில் ஒரு நேரத்தில் 23 ஆட்டக்காரர்கள்தான். கீழ்மட்ட அணியில் இருப்பவர்களையும் சேர்த்து 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 2005 முதல் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த முதல் வருடத்தில் அது 3 கோடி 90 இலட்சம் டொலர். ஆகவே ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவரை விட வேண்டிவரும்.

பொலக் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இளைஞனாக இருந்தபோது கோடைக்காலத்தில் சொஃப்ட்போல் அணி ஒன்றை நடத்தினார். கனேடியன்ஸ் ஆட்டக்காரர்கள் சிலர் அதில் விளையாடினார்கள், அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். பிறகு இளையோர் அணிகளை வைத்து 1950இலும் 1958இலும் மெமோரியல் கிண்ணம் எடுத்தார். 1964இல் பெரிய அணி அவர் கைக்கு வந்தபோது வயது 38. பதினான்கு வருடத்தில் ஒன்பது ஸ்டான்லி கிண்ணம், அதாவது என்.எச்.எல்.லின் வெற்றிக் கிண்ணம்.

இந்தக் காலத்து உதாரணமும் இருக்கிறது. தம்பா பே அணியின் ஜூலியன் பிரிஸ்புவா சட்டத்தரணி. கனேடியன்ஸின் சட்ட அலுவல்களைப் பார்க்க வந்தவர் மெல்ல மெல்ல உயர்ந்து, 2020இலும் 2021இலும் தம்பா கிண்ணம் எடுத்தபோது பொது முகாமையாளர் நாற்காலியில் இருந்தார். உங்கள் மகன் சட்டமோ புள்ளிவிபரமோ படிக்கட்டும். கூடவே சனி, ஞாயிறுகளில் பக்கத்து அரீனாவில் இளையோர் ஆட்டம் நடந்தால் ஒரு கொப்பியோடு போய் உட்காரட்டும். பக் (மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு) இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, பக் இல்லாத பையன் என்ன செய்கிறான் என்று எழுதிப் பழகட்டும். நான் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

பொலக் ஓர் ஏழை அணியை ஏமாற்றித்தான் கை லாஃப்ளரைப் பிடித்தார் என்று வாசித்தேன். உண்மையா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

முதலில் பெயர். மொன்றியலில் 'கீ லாஃப்ளேர்' என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் ஒரு கியூபெக் சமையல்காரர். 1986இல் நான் மொன்றியலுக்கு வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மே மாதம்தான் கனேடியன்ஸ் கிண்ணம் எடுத்தது. தெருவெல்லாம் ஹோர்ன் சத்தம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாள் அவர் பேஸ்ட்ரி மேசையில் கிடந்த மாவைக் கையால் பரப்பி, விரலால் கோடு போட்டு, அணிகளின் தரவரிசையை வரைந்தார். அடியில் இருந்த கோட்டைத் தட்டிக் காட்டி, "இதுதான் ஓக்லண்ட்" என்றார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனாலும் அந்த மாவுப் படம் விளங்கியது.

1967இல் என்.எச்.எல். ஆறு அணியிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. புதிய அணிகளிடம் நல்ல ஆட்டக்காரர்கள் இல்லை. அரங்கை நிரப்ப வேண்டும், அதுவும் உடனே நிரப்ப வேண்டும். பொலக்கின் கையிலோ நல்ல ஆட்கள் மிச்சம். ட்ராஃப்ட் என்று ஒன்று உண்டு, இளைய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்வது. அந்தக் காலத்தில், முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்குத்தான் இளையவர்களில் முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமை. பொலக் புதிய அணிகளுக்கு இன்றைக்கு ஆடக்கூடிய ஆளைக் கொடுத்தார், பதிலுக்கு அவர்களுடைய வருங்காலத் தெரிவை வாங்கினார். ஊரில் மாமரம் பூக்கும்போதே வந்து தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார்களே, அதே வியாபாரம். தோப்புக்காரருக்கு அன்றைக்குக் காசு வேண்டும், குத்தகைக்காரர் காய்க்கும்வரை பொறுப்பார்.

1970 மே மாதம், அந்தப் புதிய அணிகளில் ஒன்றான ஓக்லண்ட் சீல்ஸிடம் 1971ஆம் வருட முதல் சுற்றுத் தெரிவை அப்படித்தான் வாங்கினார். அந்த வருடம் கியூபெக் நகரத்தில் லாஃப்ளேர் என்ற பெடியன் இளையோர் ஆட்டத்தில் ஒரே பருவத்தில் 130 கோல் போட்டான். சீல்ஸ் கடைசியாக வந்தால் அவன் மொன்றியலுக்கு. ஆனால் பருவத்தின் நடுவில் லொஸ் ஏஞ்சலிஸ் அணியும் தடுமாறிக்கொண்டிருந்தது. ஜனவரியில் பொலக் தன் அனுபவசாலி ரால்ஃப் பாக்ஸ்ட்ரமை லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பினார். அந்த அணி சீல்ஸுக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காகவே அனுப்பினார் என்று மொன்றியலில் எல்லோரும் சொல்வார்கள். என் சமையல்காரர் அந்த இடத்தில் உப்புக் குப்பியை எடுத்து லொஸ் ஏஞ்சலிஸ் கோட்டில் வைத்தார். கடைசியில் சீல்ஸ் 45 புள்ளி, லொஸ் ஏஞ்சலிஸ் 63. ஜூன் 10, 1971 அன்று மொன்றியல் குயின் எலிசபெத் ஹோட்டலில் முதல் பெயராக லாஃப்ளேரை அழைத்தார்கள்.

இது ஏமாற்றா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். சீல்ஸ்காரர் கண் திறந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். பாக்ஸ்ட்ரமும் மேற்குக் கரைக்குப் போக வேண்டும் என்று தானே கேட்டுக்கொண்டிருந்தவர். ஆனால் ஓக்லண்டில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு மனம் கஷ்டப்படும். 1976இல் அந்த அணி கிளீவ்லண்டுக்குப் போய், 1978இல் மினசோட்டா அணியோடு கரைந்துவிட்டது.

அதே ட்ராஃப்டில் 20ஆவது பெயர் லாரி ராபின்சன். பத்தொன்பது பேர் போன பிறகும் அப்படி ஒரு தடுப்பாட்டக்காரர் கிடைத்தார். லாஃப்ளேர் கதைக்குப் பின்னால் இது மறைந்துபோகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

பொலக் சறுக்கியதே இல்லையா?
(ஒரு வாசகர், லா சப்பல், பாரிஸ்)

சறுக்கியிருக்கிறார். கோலி (கோல் காப்பவர்) கென் டிரைடன் 1973இல் சம்பளத்தில் ஒத்துவராமல் ஒரு பருவம் முழுக்க விலகி, ரொறன்ரோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிக்குப் போய்விட்டார். அந்த வருடம் கனேடியன்ஸ் முதல் சுற்றிலேயே வெளியே. அதில் பொலக் பக்கம் பிழை என்பது என் கருத்து. அப்படி ஒரு கோலியைச் சம்பளக் கணக்கில் விடக் கூடாது.

1973இல் நியூயோர்க் ஐலண்டர்ஸிடமும் அதே குத்தகையைக் கேட்டார். அவர்களுடைய முதல் தெரிவு டெனிஸ் பொட்வன். பல ஆட்டக்காரர்களைத் தருகிறேன் என்றார். அங்கே முகாமையாளர் பில் டொரி, அவர் முன்பு ஓக்லண்டில் வேலை பார்த்தவர். முடியாது என்றுவிட்டார். 1977இல் மொன்றியல் பிள்ளை மைக் பொஸி 15ஆவதுவரை காத்திருந்தான். பொலக் பத்தாவதில் வேறொருவரை எடுத்தார், டொரி பொஸியை எடுத்தார். பொஸி முதல் பருவத்திலேயே 53 கோல். 1980 முதல் 1983 வரை நான்கு கிண்ணமும் ஐலண்டர்ஸுக்கு.

முதல் தெரிவாக வந்தவன் முதல் வருடத்திலேயே ஜொலிக்காவிட்டால் முகாமையாளர் என்ன செய்வார்?
(ஒரு கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்)

நல்லவராக இருந்தால் பொறுப்பார் தம்பி. லாஃப்ளேர் முதல் மூன்று பருவங்களில் போட்ட கோல் 29, 28, 21. கேட்க மோசமில்லை, ஆனால் மொன்றியல் எதிர்பார்த்தது அதுவல்ல. அவருக்கு அடுத்ததாக டெட்ரொயிட் எடுத்த மார்செல் டியோன் முதல் வருடமே, கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து, 77 புள்ளி எடுத்துவிட்டார். ஆளை மாற்றியெடுத்துவிட்டார்கள் என்று ஊரே கதைத்தது. பொலக் அவரை விற்கவில்லை. 1974இல் லாஃப்ளேர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முடி பறக்க ஆடத் தொடங்கினார். அந்தப் பருவம் 53 கோல். தொடர்ந்து ஆறு பருவம் ஐம்பதுக்குக் குறையவில்லை. 1976–77இல் கனேடியன்ஸ் 80 ஆட்டத்தில் தோற்றது எட்டே எட்டு.

இப்போது அந்த நாற்காலியில் கென்ட் ஹியூஸ் இருக்கிறார். 2022இல் முதல் தெரிவாக அவர் ஸ்லஃப்கொவ்ஸ்கியின் பெயரைச் சொன்னபோது அரங்கில் பலர் வேறொரு பெயரை எதிர்பார்த்திருந்தார்கள். அந்தப் பெடியன் முதல் பருவத்தில் 39 ஆட்டத்தில் 4 கோல்தான். எங்கள் வீட்டு மேசையிலும் அவனை விற்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த பருவம் 20 கோல். 2024 ஜூலை 1 அன்று ஹியூஸ் அவனுக்கு எட்டு வருட ஒப்பந்தம் போட்டார், வருடத்துக்கு 76 இலட்சம் டொலர்.