மண்சட்டி ஏன் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாவதில்லை? வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது. கண்ணாடித் தட்டுக்கு அடியிலுள்ள செம்புச் சுருள், வேகமாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனால் பாத்திரத்தின் இரும்பிலேயே மின்னோட்டம் பிறந்து சூடு வருகிறது. உள்ளங்கைகளைத் தேய்த்தால் கையே சூடாகிறதே, அப்படி. மண்ணில் இது நடக்காது. பாம்பன், தொண்டிப் பக்கம் மண்சட்டியில்தான் மீன்குழம்பு என்பவர்கள் கேஸ் அடுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். (அந்தக் குழம்பை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசில்லை.)

மற்ற பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். வெறும் அலுமினியம் தேறாது. 2000 வாட் அடுப்பு 230 வோல்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் வேண்டும். உள்ளேயிருக்கும் விசிறி காற்றை இழுக்கும். உப்புக்காற்று நேரே அடிக்கும் ஜன்னலோரம் வேண்டாம்.

அணைத்ததும் தட்டு சுடாது என்பது தப்பு: பாத்திரத்தின் சூடு அதில் ஏறியிருக்கும்.