தனியாக விமானம் ஏறும் பிள்ளை: மலைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, பிள்ளையைத் தனியாக விமானத்தில் அனுப்புவது பற்றித்தான். விமான நிலையத் தரைப் பணியில் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் வசிக்கிறேன். கவுன்டரில் பிள்ளைகளைப் பொறுப்பேற்று வாங்குவதும், இறங்கும் இடத்தில் உரியவரிடம் ஒப்படைப்பதும் என் வேலையாக இருந்தது. இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரி அம்மா: மகனுக்கு 8 வயது. கோவையிலிருந்து சென்னைக்குத் தனியாக அனுப்பலாமா? டிக்கெட் எப்படிப் போடுவது?

அனுப்பலாம். நம் நாட்டு நிறுவனங்களில் பொதுவாக 5 வயது முடிந்து 12 முடியாத பிள்ளை தனியாகப் போனால், நிறுவனத்தின் பொறுப்பில்தான் போக வேண்டும். விமான நிலையத்தில் இவர்களை 'யூ.எம்.' (அன்அகம்பனீட் மைனர், துணையில்லாமல் போகும் சிறார்) என்போம். 5 வயதுக்குக் கீழே தனியாக ஏற்றவே மாட்டார்கள். 12 முடிந்துவிட்டால் கட்டாயமில்லை, சில நிறுவனங்களில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேறு. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சில 14 வயது வரை கட்டாயம் என்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2016-லேயே இந்தச் சேவையை நிறுத்திவிட்டது. அதனால் ஒரு நிறுவனத்தின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பயண நாளன்று என்ன வயது என்பதுதான் கணக்கு.

பல செல்போன் செயலிகளில் பிள்ளைக்கு மட்டும் தனியாக டிக்கெட் போட முடியாது. நிறுவனத்தின் உதவி எண்ணிலோ, கவுன்டரிலோ, நல்ல ஏஜென்ட் மூலமாகவோ போடுங்கள். பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணமும், மேலே ஒரு சேவைக் கட்டணமும் வாங்கும். ஒரு விமானத்தில் இத்தனை யூ.எம்.தான் என்று வரம்பு இருப்பதால் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், காலை விமானத்தையே கேளுங்கள். அது ரத்தானாலும் அன்றைக்கே வேறொன்று கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஊட்டி அப்பா: எங்களால் இறங்கி வர முடியாது. வழக்கமாக வரும் டாக்ஸி அண்ணனே விமான நிலையத்தில் விட்டுவிடலாமா? சென்னையில் மைத்துனர் வருவார்.

எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. யூ.எம். படிவத்தில் இரண்டு பேரின் விவரம் கேட்பார்கள்: கொண்டுவந்து விடுபவர், அந்தப் பக்கம் கூட்டிச் செல்பவர். பெயர், முகவரி, போன் எண் எல்லாம் வேண்டும். பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் அதில் கையெழுத்து விழும். கவுன்டரில் ஒன்று, விமானப் பணிப்பெண்ணிடம் ஒப்படைக்கும்போது ஒன்று, இறங்கியதும் அங்கிருக்கும் ஊழியருக்கு ஒன்று, கடைசியில் உங்கள் மைத்துனருக்கு. அவர் அசல் அடையாள அட்டையைக் காட்டினால்தான் பிள்ளையை விடுவார்கள்.

டாக்ஸி அண்ணன் விடுவது தவறில்லை. ஆனால் அவர் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும், விமானம் மேலே ஏறும்வரை அவர் அங்கேயே இருக்கவும் வேண்டும். அடுத்த சவாரி இருப்பவரால் அது முடியாது. முடியாதவரை அனுப்பாதீர்கள். தள்ளிவைத்த விமானத்தின் பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க ஆளில்லாமல் ஊழியர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, பெயர். வீட்டில் மாமாவை ஒரு பெயரில் கூப்பிடுவோம், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். படிவத்தில் ஆதார் பெயரையே எழுதுங்கள். "அவருக்கு வேலை வந்துவிட்டது, அவர் மனைவி வந்திருக்கிறார்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆள் மாறினால் படிவத்தில் கையெழுத்திட்டவர் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லி மாற்ற வேண்டும். இந்தக் கண்டிப்பைப் பார்த்துக் கோபப்படும் பெற்றோர் உண்டு. உங்கள் பிள்ளையை வேறு யாரும் கூட்டிப் போய்விடக் கூடாது என்றுதான் இவ்வளவும்.

மஞ்சூர் தோட்டத்திலிருந்து: எங்கள் வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வரும். எந்த எண்ணைக் கொடுப்பது?

வீட்டுக்குள் எடுக்காத எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். விமானம் தாமதமானாலோ, மோசமான வானிலையால் வேறு ஊரில் இறங்கினாலோ, ஊழியர் முதலில் கூப்பிடுவது படிவத்தில் உள்ள எண்ணைத்தான். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும் உறவினர் ஒருவர் எண்ணை இரண்டாவதாகக் கொடுங்கள். கூட்டிவரப் போகிறவர் மலைப்பாதையில் இருக்கும்போது அவர் எண்ணும் கிடைக்காது. அதனால் விமானம் தரை இறங்குவதற்கு முன்பே அவர் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில், குன்னூர்-மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் உள்ள பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் பாதி நாள் போய்விடும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். மழைக்காலம் என்றால் முந்தின நாளே இறங்கிச் சமவெளியில் தங்கிவிடுங்கள். பிள்ளைக்கும் நல்ல தூக்கம் கிடைக்கும்.

கூடலூர் அப்பா: நான் துபாயில் இருக்கிறேன். பிள்ளையை வரவழைக்கக் கோவைதான் போக வேண்டுமா?

உங்களுக்குக் கரிப்பூர்தான் வசதி. நாடுகாணி, நிலம்பூர் வழியாக இறங்கினால் அங்கேதான் கோழிக்கோடு விமான நிலையம். அங்கிருந்து வளைகுடாவுக்கு நேரடி விமானங்கள் நிறைய. தனியாகப் போகும் பிள்ளைக்கு நேரடி விமானத்தைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆனால் நேரடி விமானம் இருக்கும் எல்லா நிறுவனமும் யூ.எம். ஏற்காது. அதைக் கேட்ட பிறகே தேதி முடிவு செய்யுங்கள்.

மஸ்கட்டிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 10 வயது, கொடைக்கானல் விடுதி. மதுரையிலிருந்து சென்னை வந்து, அங்கே மாறி எங்களிடம் வர வேண்டும்.

மதுரையில் ஏறிச் சென்னையில் மாறுவதற்குப் பதிலாக, யாராவது பெரியவர் சென்னை வரை கூட்டி வந்து அங்கே ஏற்றிவிடட்டும் என்பேன். வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு டிக்கெட் என்றால் யூ.எம். சேவை நடுவில் அறுந்துவிடும். இரவு தங்கி மாறும் பயணத்தையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட் இப்போது பள்ளி அலுவலக அலமாரியில் இருக்கும். இன்றைக்கே ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டில் சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு 5 ஆண்டுதான் ஆயுள், அது நம் நினைவைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். பல நாடுகள் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் குடும்ப விசாவையும் பாருங்கள். 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்பு விசா செல்லாமல் போவது வளைகுடாவில் வழக்கம், விடுதிப் பிள்ளைகள் இதில்தான் மாட்டுவார்கள்.

டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருக்கட்டும். பள்ளி அட்டையில் வெறும் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதமும், பிறப்புச் சான்றிதழ் நகலும் கூடவே வையுங்கள். விடுதியிலிருந்து கொண்டுவந்து விடுவது வார்டன் என்றால், படிவத்தில் அவர் பெயர்தான் வர வேண்டும்.

உள்நாட்டுப் பயணமானாலும் தனியாகப் போகும் பிள்ளைக்கு அடையாள அட்டை வேண்டும் என்பதை மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் இருந்தால் சிக்கல் இல்லை.

குன்னூர்: 14 வயது அண்ணன் கூட 7 வயதுத் தங்கை போகலாமா?

அண்ணனைத் துணையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சில நிறுவனங்கள் 16, சில 18 கேட்கும். தங்கைக்கு யூ.எம். போட்டு, அதே விமானத்தில் அண்ணனையும் அனுப்புங்கள். பக்கத்து இருக்கை கேளுங்கள்.

ஊட்டி பாட்டி: பேத்திக்கு மலை இறங்கும்போதே வாந்தி வரும், காது அடைக்கும். விமானத்தில் என்ன ஆகும்?

பாட்டி, விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. ஊட்டியே சுமார் 7350 அடி. அதனால் மேலே பறப்பது பேத்திக்குப் புதிதல்ல. காது அடைப்பது விமானம் இறங்கும்போதுதான், மலைப்பாதையில் இறங்கும்போது அடைக்கும் அதே காரணத்தால். பர்லியாறு வளைவுகளிலேயே எச்சில் விழுங்கவும், வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விடவும் பழக்கிவிடுங்கள். விமானம் இறங்கும் நேரத்துக்கு ஒரு மிட்டாய் கொடுத்தனுப்புங்கள். மூக்கடைப்பும் சளியும் கடுமையாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், காது வலி தாங்க முடியாமல் போகும்.

வாந்திக்கு, மலை இறங்கும் முன் இரண்டு இட்லி போதும். பாலும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். வண்டியில் முன் பக்கம் பார்த்து உட்காரட்டும். மாத்திரை தர வேண்டியிருந்தால் அதை விமானப் பணியாளர்கள் கொடுக்க மாட்டார்கள். பேத்தி தானே எடுத்துக்கொள்ள முடியாத மருந்து இருந்தால், தனியாக அனுப்புவதையே யோசியுங்கள்.

கோத்தகிரி: சித்திக்கு வர்க்கி, சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் கொடுத்துவிடலாமா? பையில் வேறென்ன?

வர்க்கி கைப்பையில் போகட்டும், பெட்டியில் போட்டால் தூளாகிவிடும். வீட்டுச் சாக்லேட் சென்னை வெயிலில் உருகும். தைலம் வேண்டவே வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும் பொருள். ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸும் கத்தரிக்கோலும் பெட்டிக்குள் போக வேண்டும். பவர் பேங்க் இருந்தால் அது மட்டும் கைப்பையில்தான். கழுத்தில் மாட்டும் பையில் பாஸ்போர்ட் அல்லது ஆதார், படிவ நகல், இரண்டு போன் எண் எழுதிய தாள் இருக்கட்டும். ஸ்வெட்டர் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். விமானத்துக்குள் குளிரும், வெளியே வேர்க்கும்.

ஊட்டி: மகனைத் திரும்ப அழைத்து வரத் தம்பி சென்னை வண்டியில் மேலே வருவான். ஏதாவது செய்ய வேண்டுமா?

2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற இ-பாஸ் வேண்டும். முந்தின நாளே எடுக்கச் சொல்லுங்கள்.

கொடைக்கானல்: 6 வயதுப் பிள்ளை அழுவானோ என்று பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது?

விதி 5 வயதுக்கு அனுமதிக்கிறது என்பதற்காக உங்கள் பிள்ளை தயார் என்றாகிவிடாது. அறிமுகமில்லாத பெரியவரிடம் "எனக்குப் பாத்ரூம் போகணும்" என்று வாய் திறந்து சொல்வானா? உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி தனியாகத் தங்கியிருக்கிறானா? இரண்டும் இல்லையென்றால் இந்த விடுமுறைக்கு நீங்களே கூடப் போய் வாருங்கள்.

தயார் என்றால் மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். சீட் பெல்ட்டைத் தானே போடவும் கழற்றவும் தெரிய வேண்டும். தலைக்கு மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் அக்கா வருவார். விமானம் நின்றதும் எல்லாரும் எழுந்து ஓடினாலும் அவன் மட்டும் உட்கார்ந்தே இருக்க வேண்டும், சீருடை போட்டவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை. பக்கத்து இருக்கையில் வந்த மாமா நல்லவராகவே இருந்தாலும் அவரோடு இறங்கக் கூடாது.

கவுன்டரில் நீங்கள் அழாதீர்கள். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். ஊழியர் பெயரைக் கேட்டு, "இந்த அக்காவோட போ" என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். அப்புறம் விமானம் கிளம்பும்வரை விமான நிலையத்திலேயே, போன் சத்தமாக வைத்துக்கொண்டு இருங்கள்.