வயரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

வாசகர் கேள்வி - பதில்: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவி)

கேள்வி: பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என்று நான்கு வயர்கள்தான் இருக்கின்றன. வாங்க நினைக்கும் ஈகோபீ ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கு ‘சி (C) வயர்’ வேண்டும் என்கிறார்கள். சுவரை உடைக்க வேண்டியிருக்குமா? நானே பொருத்தலாமா?
- வாசகர், ஸ்கார்பரோ

பதில்: சுவரை உடைக்க வேண்டாம். பொறுமை இருந்தால் நீங்களே பொருத்தலாம்.

முதலில் அந்த வயர்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைத்து, ‘ஆர்’ (R) வயரில் மேலே தெர்மோஸ்டாட்டுக்கு அனுப்புகிறது. சூடு வேண்டுமானால் தெர்மோஸ்டாட் ஆரை ‘டபிள்யூ’ (W) வயருடன் சேர்க்கும். ஏசிக்கு ‘வை’ (Y) வயருடன், விசிறிக்கு ‘ஜி’ (G) வயருடன் சேர்க்கும். பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச் என்பதால் அதற்கு இரண்டு பேட்டரி போதும். திரையும் வைஃபையும் உள்ள புதியதற்கு நாள் முழுவதும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போகும் வழிதான் ‘சி’.

சி இல்லாமலே ஓடும் என்று விற்கப்படும் சில மாடல்கள், வை அல்லது டபிள்யூ வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு உள் பேட்டரியை ஏற்றிக்கொள்கின்றன. ஃபர்னஸை இயக்கும் சில சர்க்யூட் போர்டுகள் இந்தக் கசிவையே ‘சூடு வேண்டும்’ என்ற அழைப்பாக எடுத்துக்கொள்ளும். போர்டில் உள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டிக் டிக் என்று அடிக்கும், அல்லது பேட்டரி இறங்கி வைஃபை அறுந்து போகும். சி வயர் கொடுத்துவிடுவதே நல்லது.

சுவரிலிருந்து வரும் கேபிளை மெதுவாக ஓர் அங்குலம் வெளியே இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஐந்தாவது வயர், பெரும்பாலும் நீலம், பயன்படாமல் உறையோடு சுற்றி விடப்பட்டிருக்கும். இருந்தால் அதன் ஒரு முனையை ஃபர்னஸ் போர்டின் சி திருகிலும் மறுமுனையை தெர்மோஸ்டாட்டின் சியிலும் மாட்டினால் வேலை முடிந்தது.

இல்லையென்றால், ஈகோபீயின் பல மாடல்களுடன் பெட்டியிலேயே வரும் பவர் எக்ஸ்டெண்டர் கிட்டை (நான்கு வயர்களை வைத்தே சியின் தேவையையும் தீர்க்கும் சிறு கருவி) ஃபர்னஸுக்குள் பொருத்துங்கள். போர்டில் இருக்கும் ஆர், ஜி, வை, டபிள்யூ நான்கையும் கழற்றி கிட்டில் மாட்டுங்கள். கிட்டின் ஐந்து வயர்களை போர்டில் அதே எழுத்துகளிலும் சியிலும் மாட்டுங்கள். பலர் தவறுவது மேலே, சுவரில்தான். அங்கே ஆர் வயர் ‘ஆர்சி’க்கும், வெள்ளை ‘டபிள்யூ1’க்கும், பச்சை ‘சி’க்கும், மஞ்சள் ‘பிஇகே’ (PEK) என்று குறித்த இடத்துக்கும் போக வேண்டும். பழக்கத்தில் பச்சையை ஜியில் மாட்டினால் திரை உயிர் பெறாது.

வேலை தொடங்கும் முன் ஃபர்னஸ் அருகே உள்ள சுவிட்சையும் பிரேக்கரையும் அணையுங்கள். பழைய இணைப்பைப் படம் எடுங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். எந்த எழுத்துள்ள திருகில் மாட்டியிருந்தது என்பதே கணக்கு. பச்சையை வையில் மாட்டிவிட்டுப் போன வீடுகளும் உண்டு. முனையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை மட்டும் உறையை நீக்குங்கள். அதற்கு மேல் செம்பு தெரிந்தால் பக்கத்து வயரில் முட்டும்.

ஆர் வயர் சியில் ஒரு கணம் பட்டாலும் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும். கார்களில் இருக்கும் அதே தட்டை ஃபியூஸ்தான்: 3 ஆம்பியர் ஊதா நிறம், 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு. போனால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். 10 ஆம்பியர் கையில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். வழக்கமான 40 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட்டில் தரக்கூடியதே 1.7 ஆம்பியருக்குள்தான். ஃபியூஸ் அறாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

எல்லாம் சரியாக மாட்டியும் திரை இருட்டாக இருந்தால், ஃபர்னஸின் கீழ்க் கதவு முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். உள்ளே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கதவு அதை அழுத்தாமல் மின்சாரம் வராது. தெர்மோஸ்டாட்டின் பின்னால் வயர் வரும் ஓட்டையை மின் வேலைக்கான அடைப்புப் பசையால் (putty) அடையுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று சென்சாரில் பட்டால், வீடு சூடாக இருந்தும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசியைச் சோதிக்க வெளியே 15 டிகிரிக்கு மேல் வரும் நாள் வரை பொறுங்கள். குளிரில் ஓட்டினால் கம்ப்ரஸருக்குக் கேடு.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் இரண்டு தடித்த வயர்கள் மட்டும், பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கியிருக்கின்றன. கூகுளின் நெஸ்ட் தெர்மோஸ்டாட் பொருத்தலாமா?
- வாசகி, மொன்றியல்

பதில்: கூடாது. அது பேஸ்போர்ட் ஹீட்டருக்கு (சுவரின் அடியில் பொருத்தும் மின்சூடேற்றி) நேரடியாகப் போகும் 240 வோல்ட். நெஸ்டும் ஈகோபீயும் 24 வோல்ட்டுக்கானவை. இதில் மாட்டினால் கருவி கருகும், தீப்பிடிக்கவும் கூடும். உங்களுக்கு வேண்டியது மைசா, சினோப்பே போன்ற, இந்த வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டவை. இதிலும் வாங்கும் முன் வயரை எண்ண வேண்டும். மைசாவின் பேஸ்போர்ட் மாடலுக்குச் சுவரில் உள்ள மின்பெட்டியில் நான்கு வயர்கள் வேண்டும். இரண்டு மட்டும் இருக்கும் இடத்தில் அது ஓடாது. அந்தத் தெர்மோஸ்டாட் ஓட்டும் ஹீட்டர்களின் வாட்டையெல்லாம் கூட்டி, கருவியின் வரம்புக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கேள்வி: ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும், கோடையில் ஏசியாகவும் ஓடும் கருவி) போட்டோம், புதிய தெர்மோஸ்டாட்டும் மாற்றினோம். சூடு வைத்தால் குளிர்ந்த காற்று வருவது போல இருக்கிறது. பில்லும் ஏறிவிட்டது.
- வாசகர், ஒட்டாவா

பதில்: இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். காற்று வரும் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரைப் பத்து நிமிடம் வையுங்கள். அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் அதிகமாகக் காட்டினால் ஹீட் பம்ப் ஒழுங்காகவே ஓடுகிறது. எரிவாயு ஃபர்னஸின் காற்று 50 டிகிரியை ஒட்டி வரும், ஹீட் பம்பினுடையது 30, 35 என்றே வரும். உடல் சூட்டைவிடக் குறைவு என்பதால் கையில் குளிர்ச்சியாகப் படுகிறது.

அறையைவிடக் குறைவாகக் காட்டினால் ‘ஓ/பி’ அமைப்பு தலைகீழாக இருக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் திசை மாற்றும் வால்வை அந்த வயர்தான் இயக்குகிறது. பெரும்பாலான கம்பெனிகளில் குளிரூட்டும்போது வால்வுக்கு மின்சாரம் போகும், அது ஓ. ரீம், ரூட் போன்றவற்றில் சூடேற்றும்போது போகும், அது பி. வயரைத் தொட வேண்டியதில்லை, செட்டிங்கில் மாற்றினால் போதும்.

பில் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அட்டவணை. இரவில் 16க்கு இறக்கிக் காலையில் 21க்கு ஏற்றினால், அந்த ஐந்து டிகிரியைச் சீக்கிரம் எட்ட முடியாமல் தெர்மோஸ்டாட் துணை மின்சூட்டைக் கூப்பிடும். திரையில் ‘ஆக்ஸ்’ என்று வரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, கடுங்குளிர் இல்லாத நாளில், இரண்டு யூனிட்டுக்கு மேல் சூடு தரும். ஆக்ஸ் ஒன்றுக்கு ஒன்றுதான். இரவில் மிச்சம் பிடித்தது காலை ஒரு மணி நேரத்தில் போய்விடும். இரவுக்கும் பகலுக்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வைக்காதீர்கள். வெளியே எத்தனை டிகிரிக்கு மேல் ஆக்ஸ் வரக்கூடாது என்ற வரம்பும் செட்டிங்கில் உண்டு. அதை எங்கே வைப்பது என்பது வீட்டையும் கருவியையும் பொறுத்தது. பொருத்தியவரைக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது எரிவாயு ஃபர்னஸ். இரவில் எவ்வளவு குறைக்கலாம்? பகலில் மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார். சில நாள் வீடு குளிர்ந்து போய்விட்டது என்கிறார்.
- வாசகி, பிராம்ப்டன்

பதில்: எரிவாயு ஃபர்னஸுக்கு மேலே சொன்ன சிக்கல் இல்லை. நாளில் எட்டு மணி நேரம் 4 முதல் 5 டிகிரி வரை குறைத்தால் சூட்டுக்கும் ஏசிக்கும் ஆகும் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆனால் வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் 18க்குக் கீழே போகாதீர்கள்.

மாமியார் சொல்வது சரியாகவே இருக்கும். தெர்மோஸ்டாட் வரவேற்பறையிலோ நடையிலோ இருக்கிறது, அவர் தன் அறையில் இருக்கிறார். சென்சாருக்கு முன்னால் ஆள் நடமாட்டம் இல்லை, உங்கள் ஃபோனும் வேலைக்குப் போய்விட்டது. வீட்டில் யாருமில்லை என்று முடிவு செய்து கருவி சூட்டைக் குறைக்கிறது. ‘ஆட்டோ அவே’ போன்ற அமைப்பை இன்றே அணையுங்கள். ஈகோபீயாக இருந்தால் அதன் தனிச் சென்சார் ஒன்றை அவர் அறையில் வைத்து, பகல் நேரத்துக்கு அந்த அறையின் வெப்பநிலையையே கணக்கில் எடுக்கச் சொல்லலாம். அவர் கையாலேயே ஏற்றவும் இறக்கவும் சொல்லிக் கொடுங்கள். ஃபோன் வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டு போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய நெஸ்ட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், மிசிசாகா

பதில்: வரிசை எண்ணைப் பாருங்கள். 01 அல்லது 02 என்று தொடங்கினால் முதல், இரண்டாம் தலைமுறை. 2025 அக்டோபர் 25 முதல் கூகுள் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. சுவரில் வேலை செய்யும், ஆனால் ஃபோனிலிருந்து இயக்க முடியாது. அதன் பின் வந்த மாடலாக இருந்தால், பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: கோடையில் சில நாள் மாலையில் ஏசியின் அளவு தானாகவே இரண்டு டிகிரி ஏறிவிடுகிறது. கருவி பழுதா?
- வாசகி, மார்க்கம்

பதில்: பழுதில்லை. ஒன்ராறியோவின் ‘பீக் பெர்க்ஸ்’ திட்டத்தில் வீட்டில் யாரோ சேர்ந்திருக்கிறார்கள். சேரும்போது தரும் பரிசு அட்டைக்காகப் பலரும் சேர்ந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மின் தேவை உச்சத்தில் இருக்கும் கோடை வாரநாள்களில் மூன்று மணி நேரம் வரை இப்படி ஏற்றுவார்கள். வீடு புழுங்கினால் நீங்களே அளவைக் குறைத்துவிடலாம், அபராதம் கிடையாது.