நாற்பது மீட்டர் நடை

கேள்வி: எங்கள் பள்ளிக் கால்பந்து அணி மாணவர்கள் பயிற்சியின்போது பெனால்டிகளைத் தவறவிடுவதே இல்லை. ஆனால் போட்டி சமனில் முடிந்து, இரு அணியினரும் மாறி மாறிப் பெனால்டி அடித்து வெற்றியைத் தீர்மானிக்கும் ஷூட் அவுட் வரை சென்றால் கால் நடுங்கிப் பந்தை வெளியே அடித்துவிடுகிறார்கள். இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டா, அல்லது எல்லாம் அதிர்ஷ்டம்தானா?

பதில்: அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பாலும் நாம் பழக்குவது ஒன்று, ஆட்டத்தில் கேட்கப்படுவது வேறொன்று. 2022 உலகக் கோப்பைக்கு வரும் முன் ஆளுக்குக் குறைந்தது 1,000 பெனால்டிகளாவது அடித்துப் பழகும்படி வீரர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்ததாக, அப்போதைய ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே சொன்னார். மொராக்கோவுடனான ஆட்டம் கோலின்றி முடிந்து ஷூட் அவுட் வந்தபோது, ஸ்பெயின் வீரர் சரபியாவின் பந்து கம்பத்தில் பட்டது. சோலேர், புஸ்கெட்ஸ் ஆகிய இருவர் அடித்ததையும் மொராக்கோ கோல்கீப்பர் யாசின் பூனூ தடுத்துவிட, ஸ்பெயின் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறியது.

அடுத்தடுத்து இருபது பந்துகளை உதைப்பவனுக்கு, முதல் பந்து தவறினாலும் இரண்டாவது காத்திருக்கிறது. ஷூட் அவுட்டில் அவனுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். அதற்கும் நடுவட்டத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது மீட்டர் தனியாக நடந்து வரவேண்டும். மனம் குலைவது அந்த நடையில்தான். ஆகவே பயிற்சியின் இறுதியில், மாணவர்கள் களைத்திருக்கும் வேளையில், அனைவரையும் நடுவட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொருவராக நடந்துவந்து ஆளுக்கு ஓர் உதை மட்டும் அடிக்கச் செய்யுங்கள். மற்றவர்கள் கூச்சலிடட்டும். எந்த மூலைக்கு அடிப்பது என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது.

இன்னொன்று, அவசரம். விசில் ஊதியவுடன் ஓடிவந்து உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் கண்டறிந்தார். அவ்வாறு விரைந்தவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் இங்கிலாந்து வீரர்கள். 1996-இல் தாமே பெனால்டியைத் தவறவிட்ட கேரத் சவுத்கேட், 2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்தின் பயிற்சியாளராக வந்தபோது, நிதானமாக மூச்சுவிட்டு அடிக்கப் பழக்கினார். உலகக் கோப்பை ஷூட் அவுட்டில் இங்கிலாந்து முதன்முதலாக வென்றது அந்த ஆண்டில், கொலம்பியாவுக்கு எதிராகத்தான்.

கேள்வி: கோல்கீப்பரை எப்படித் தயார் செய்வது?

பதில்: பதினொரு மீட்டரிலிருந்து வரும் பந்தைக் கண்டபின் பாய்ந்தால் பெரும்பாலும் எட்டாது என்பதால், உதைப்பவரின் பழக்கத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது பெரிய துணை. 2006-இல் அர்ஜென்டினாவுக்கு எதிரான காலிறுதியில் ஜெர்மனியின் யென்ஸ் லேமன், எதிரணியினர் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்ற குறிப்புச் சீட்டைக் காலுறைக்குள் வைத்திருந்தார். கடைசியாக வந்த காம்பியாசோவின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் லேமன் சீட்டை எடுத்துப் பார்த்தார், உதையையும் தடுத்தார். அவர் படித்தாரா, படிப்பதுபோல் காட்டினாரா என்பது காம்பியாசோவுக்கு எப்படித் தெரியும்?

பள்ளி அளவில் அத்தகைய குறிப்பு கிடைப்பது அரிது. எனவே உதைப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் கடைசி நொடி வரை அசையாமல் நிற்கப் பழக்குங்கள். உதைபடும் கணத்தில் ஒரு பாதமாவது கோல் கோட்டின்மீதோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும் என்பது விதி; பயிற்சியில் பக்கவாட்டில் ஒருவரை நிறுத்தி அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். முன்னால் தாவித் தடுத்ததையெல்லாம் அங்கே பாராட்டிவிட்டால், போட்டியில் நடுவர் அந்த உதையை மறுபடி அடிக்கச் சொல்வார்.