‘குளூட்டன் அற்றது’ என்றால் சர்க்கரை ஏறாதா?

கேள்வி: கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருப்பதால் இரண்டு ஆண்டுகளாக நான் கோதுமையைத் தொடுவதில்லை. இப்போது ரத்தச் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் இருப்பதால், கிளைசெமிக் குறியீடு (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்) குறைந்த உணவுகளை உண்ணுமாறு மருத்துவர் கூறுகிறார். ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட்ட ரொட்டியையும் பிஸ்கட்டையும்தானே உண்கிறேன், பிறகு ஏன் சர்க்கரை ஏறுகிறது?

பதில்: அந்த அச்செழுத்து உங்கள் குடலுக்குத் தரப்படும் உறுதிமொழி மட்டுமே, சர்க்கரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச் என்றுதான் இருக்கும். நார்ச்சத்து நீக்கப்பட்டு நைசாக அரைக்கப்பட்ட இவை விரைவில் குளுக்கோஸாக மாறிவிடுகின்றன.

டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் அறிமுகப்படுத்திய கிளைசெமிக் குறியீட்டில், குளுக்கோஸை 100 என்று கொண்டு, 55 வரை குறைவு என்றும் 70-உம் அதற்கு மேலும் அதிகம் என்றும் வகுக்கிறார்கள். கொண்டைக்கடலை ஏறத்தாழ 28, ராஜ்மா 24, மசூர் போன்ற பருப்புகள் 32, கினோவா 53 என்ற அளவில் இருக்க, வெள்ளை அரிசிச் சோறு 73-ஐயும் வேகவைத்த உருளைக்கிழங்கு 78-ஐயும் தொடுகின்றன. ஆகவே கடலை, பயறு, பருப்பு வகைகளே உங்கள் தட்டில் முதலிடம் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பொதுவாகக் கிடைக்கும் குறியீட்டுப் பட்டியல்கள் நீரிழிவு உள்ள எல்லோருக்குமாகத் தயாரிக்கப்பட்டவை என்பதால், 28 என்ற எண்ணோடு பார்லி அவற்றின் உச்சியிலேயே நிற்கும். கம்பு என்று சிலர் தவறாக மொழிபெயர்க்கும் ‘ரை’ தானியமும், கோதுமைப் பாஸ்தாவும் அருகிலேயே இருக்கும். மூன்றிலும் குளூட்டன் உண்டு. எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஓட்ஸ் வாங்கினால் கோதுமை கலப்பின்றிப் பதப்படுத்தப்பட்டதாகவும், உடனடி ஓட்ஸாக இல்லாமல் முழு அவலாகவும் இருக்கட்டும். தூய ஓட்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

சோற்றை விட்டுவிட வேண்டியதில்லை. மெதுவாகச் செரிக்கும் ஸ்டார்ச் வகையான அமைலோஸ் மிகுந்த நீள அரிசியைக் குழையாமல் வடித்து, அளவைப் பாதியாக்கி, பருப்போடும் காய்கறியோடும் உண்டால் சர்க்கரை மெதுவாகவே ஏறும்.

பருப்பை மட்டும் சமைக்கும் முன் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். வயலிலோ மூட்டையிலோ கலந்துவிட்ட கோதுமை மணியோ பார்லி மணியோ அதில் தட்டுப்படுவதுண்டு. அவற்றைப் பொறுக்கி எறிந்து, நன்றாகக் களைந்த பிறகே உலையில் இடுங்கள்.