ஒரே ஒயினுக்கு 92-உம் 86-உம்: எதை நம்பி வாங்குவது?

ஒரே ஒயினுக்கு ஒரு ஒயின் வழிகாட்டி 100-க்கு 92, இன்னொன்று 86 போட்டிருக்கிறதே, யாரோ ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இரண்டிலும் அறுவடை ஆண்டு ஒன்றுதானா என்று பாருங்கள். வேறென்றால் அது வேறு ஒயின்.

ஆண்டு ஒன்றென்றால், சுவைத்த முறையைக் கவனியுங்கள். ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழில் புட்டியை மறைத்துச் சுவைக்கிறார்கள்: வகையும் ஆண்டும் தெரியும், தயாரித்தவர் பெயரும் விலையும் தெரியாது. லேபிளைப் பார்த்தபடியே, சில சமயம் புட்டியில் அடைக்கும் முன் பீப்பாயிலிருந்தே சுவைத்து எண் தருபவர்களும் உண்டு. 90–92 என்று வரம்பாக இருந்தால் அது பெரும்பாலும் பீப்பாய்க் கணிப்பு, முடிவல்ல.

100 புள்ளி என்பதும் கொஞ்சம் கண்கட்டுதான். அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய கணக்கு 50-இல் தொடங்குகிறது. நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கும் அது நாக்கில் நிற்கும் நேரத்துக்கும் 20, ஒட்டுமொத்தத் தரத்துக்கு 10. ஆக, 86 என்பது 50-க்கு 36. மோசமில்லை!

புட்டிக்குப் புட்டியும் மாறும். தக்கையிலிருந்து டிசிஏ என்ற சேர்மம் கலந்தால் நனைந்த அட்டை வாடை வரும். மிகக் குறைவாகக் கலந்தால் வாடையே தெரியாது, பழமணம் மட்டும் அமுங்கிவிடும். கவனமான குழு சந்தேகம் வந்தால் இரண்டாம் புட்டியைத் திறக்கும். சிவப்பு ஒயின்களை வரிசையாகச் சுவைத்தால், துப்பினாலும் துவர்ப்பு வாயில் ஏறிக்கொண்டே போகும்; கடைசியில் வரும் மென்மையான ஒயின் அடிபடும்.

வாங்கும்போது எண்ணைவிடக் குறிப்பைப் படியுங்கள். "இறுக்கமான துவர்ப்பு, சில ஆண்டுகள் வைக்கலாம்" என்றிருந்தால், 92 பெற்ற ஒயினானாலும் இன்றே திறந்தால் கசக்கத்தான் செய்யும். நீங்கள் ஏற்கெனவே குடித்த மூன்று ஒயின்களுக்கு அதே விமர்சகர் என்ன எழுதியிருக்கிறார் என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள்.